அம்புக்கு ஒரு நீதி, ஆட்டத்துக்கு ஒரு நீதி

ஒருவர் பல நாள்களில், பல எதிராளிகளுக்கு எதிரே, பலவகை நெருக்கடிகளுக்கு நடுவே செய்தவை அனைத்தையும் கூட்டி வகுத்து ஒரே எண்ணாக்கி, அவருடைய தகுதி இவ்வளவுதான் என்று அறிவிப்பது எந்த அளவுக்கு நியாயம் என்னும் கேள்வி, பள்ளி மதிப்பெண் பட்டியல் முதல் வங்கியின் கடன் தகுதி மதிப்பீடு வரை எங்கும் எழக்கூடியது. ஆயினும் அந்தக் கேள்வியைத் தோலுரித்துப் பார்ப்பதற்கு டார்ட்ஸ் என்னும் அம்பெறி விளையாட்டைப் போல வசதியான இடம் வேறொன்று இல்லை. கிரிக்கெட்டில் ஆடுகளம் மாறுகிறது, காற்றும் ஈரமும் மாறுகின்றன. ஒருவர் எடுத்த ஓட்டங்களில் பந்துவீச்சாளரின் அயர்ச்சியும் களத்தடுப்பாளர் நழுவவிட்ட கேட்ச்சும் கலந்தே இருக்கின்றன. டார்ட்ஸில் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் தள்ளி இருக்கிறது. எதிராளி தம் முறை வரும்வரை ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. ஒரு மனிதரின் செயலை வேறெதனோடும் கலக்காமல் தனித்து அளக்க உலகில் எங்கேனும் முடியுமானால் அது இங்கே முடிய வேண்டும். இங்கும் முடியாதென்றால், கோளாறு அளவுகோலில் அன்று, அளக்கப் புகுந்த கேள்வியிலேயே இருக்கிறது என்று ஐயுற இடமுண்டு.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொரு வீரரும் 501 என்னும் எண்ணில் தொடங்கி, தம் முறை வரும்போதெல்லாம் மூன்று அம்புகளை எறிந்து, விழுந்த புள்ளிகளை அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே சென்று, சரியாகச் சுழியத்தை எட்ட வேண்டும். அந்தக் கடைசி அம்பு பலகையின் வெளிவிளிம்பில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலமே உள்ள ‘டபுள்’ வளையத்திலோ, நட்டநடுவில் 50 புள்ளி தரும் ‘புல்’ என்னும் சிறு வட்டத்திலோ தைக்க வேண்டும். தேவைக்கு மேல் புள்ளி விழுந்தாலும், மீதி ஒன்று என்று நின்றாலும் அந்த முறையின் புள்ளிகள் அனைத்தும் செல்லாமற்போகும். ஆனால் எறிந்த அம்புகள் எறிந்தவையாகவே கணக்கில் நிற்கும். இவ்வாறு 501 முடியும் ஒரு சுற்றுக்கு ‘லெக்’ என்றும், லெக்குகளின் தொகுதிக்கு ‘செட்’ என்றும் பெயர். ஒரு முறையில் எடுக்கக்கூடிய உச்சம் 180. வீரரின் சராசரி என்பது, அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளை எறிந்த மொத்த அம்புகளால் வகுத்து மூன்றால் பெருக்க வருவது, அதாவது மூன்று அம்புகளுக்கு இத்தனை புள்ளி என்னும் விகிதம். ஒன்பதே அம்புகளில் 501-ஐ முடிக்கும் குறையற்ற லெக்கின் சராசரி 167. அதற்கு மேல் மனிதரால் மட்டுமன்று, விதிகளாலும் இயலாது. தொழில்முறை வீரர்களிடையே 100 என்பது மரியாதைக்குரிய எல்லைக்கல்லாகக் கருதப்படுகிறது. 2016 பிப்ரவரியில் அபர்டீன் நகரில் நடந்த பிரீமியர் லீக் ஆட்டமொன்றில் மைக்கேல் ஸ்மித்துக்கு எதிராக நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வன் எட்டிய 123.40 தொலைக்காட்சி ஆட்டங்களின் சாதனைகளில் ஒன்றாகப் பேசப்படுவது.

ஓர் ஆட்டத்துக்கு இந்தக் கணக்கில் சிக்கலேதும் இல்லாததுபோல் தோன்றும். சிக்கல், பல ஆட்டங்கள் கொண்ட ஒரு போட்டித்தொடர் முழுமைக்கும் ஒரே சராசரி காண முற்படும்போது தொடங்குகிறது. ஒருவர் இரண்டு ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். முதலாவதில் 60 அம்புகளில் 105 சராசரி, இரண்டாவதில் 240 அம்புகளில் 95 சராசரி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 100. ஆனால் அவர் மொத்தம் எடுத்த 9,700 புள்ளிகளை மொத்தம் எறிந்த 300 அம்புகளுக்குப் பங்கிட்டால் வருவது 97. இன்னொருவர் முதல் ஆட்டத்தில் 240 அம்புகளில் 101-உம், அடுத்ததில் 60 அம்புகளில் 97-உம் எடுக்கிறார் என்று கொண்டால், அவருக்கு முதல்வகைக் கணக்கில் 99, இரண்டாம்வகைக் கணக்கில் 100.2. ஆக, ஆட்டங்களின் சராசரிகளுக்குச் சராசரி காண்பவர் முன்னவரே சிறந்தவர் என்பார். அம்புகளை ஒருசேரக் கூட்டுபவர் பின்னவரே சிறந்தவர் என்பார். இருவரும் ஓர் அம்பைக்கூட மறைக்கவில்லை, ஓர் எண்ணைக்கூடத் திரிக்கவில்லை. இரண்டு கணக்குகளும் எல்லாரையும் சமமாகவே நடத்துகின்றன. எவற்றுக்கிடையே சமம் என்பதில்தான் பிரிகின்றன. ஒன்று ஆட்டத்துக்கு ஆட்டம் சமம் என்கிறது, மற்றொன்று அம்புக்கு அம்பு சமம் என்கிறது. அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையொன்றில், எதில் சமத்துவம் என்னும் கேள்வியையே மையமாக எடுத்துக்கொண்டார். வருமானம், வாய்ப்பு, ஆற்றல் ஆகியவற்றை மனத்திற்கொண்டு அவர் எழுப்பிய கேள்வி, அம்பு, லெக், ஆட்டம் என்னும் மூன்று அலகுகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எடைக்கேற்பப் பங்கிட்டுச் சராசரி காணும் முறை இந்தியக் கணித மரபுக்குப் புதியதன்று. 1150-ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் பொன்னைப் பற்றிய கணக்குகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வெவ்வேறு மாற்றுள்ள பொன் துண்டுகளை ஒன்றாக உருக்கினால் கிடைக்கும் கட்டியின் மாற்று என்ன என்று காண, ஒவ்வொரு துண்டின் எடையையும் அதன் மாற்றையும் பெருக்கி, அவற்றைக் கூட்டி, மொத்த எடையால் வகுக்கச் சொல்கிறது அந்நூல். மாற்றுகளை மட்டும் கூட்டித் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கும் பொற்கொல்லரிடம் எவரும் இரண்டாம் முறை நகை செய்யக் கொடுக்கமாட்டார். ஐரோப்பாவிலும் அளவீடுகளுக்கு அவற்றின் நம்பகத்துக்கேற்ப எடை தந்து நடுப்புள்ளி காண வேண்டும் என்னும் கருத்து கணிதவியலாளர் ரோஜர் கோட்ஸின் நூலொன்றில் 1722-இல், அவர் மறைந்தபின், வெளிவந்தது. அவர் ஈர்ப்பு மையத்தைக் கொண்டு அதை விளக்கினார். பொன்னுக்குப் பொருந்தும் இந்த முறை அம்புக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் முதல் நிலைப்பாடு. 60 அம்புகளில் முடிந்த ஓர் ஆட்டத்துக்கும் 240 அம்புகள் நீண்ட ஓர் ஆட்டத்துக்கும் ஒரே எடை தருவது, குறுகிய ஆட்டத்தின் ஒவ்வோர் அம்புக்கும் நீண்ட ஆட்டத்தின் அம்பைப்போல நான்கு மடங்கு மதிப்பைக் காரணம் ஏதும் சொல்லாமல் தந்துவிடுவதாகும். ஆட்டத்தின் நீளத்தைத் தீர்மானித்தது வீரரின் செயல் மட்டுமன்று, முதற்சுற்றைக் குறுக்கியும் இறுதிச்சுற்றை நீட்டியும் அமைத்த ஏற்பாட்டாளரின் அட்டவணையும்தான்.

ஆனால் பொன்னுவமை ஓரிடத்தில் கைவிடுகிறது. பொன்னின் எடை அதன் மாற்றைச் சார்ந்ததன்று. அம்புகளின் எண்ணிக்கையோ வீரரின் திறமையையே சார்ந்தது. ஒரு லெக்கைப் 12 அம்புகளில் முடித்தவரின் சராசரி 125.25, அடுத்ததை 18 அம்புகளில் முடித்தால் 83.5. இவ்விரண்டின் நடு 104-ஐத் தாண்டுகிறது. அம்புகளைக் கூட்டிப் பார்த்தாலோ 1,002 புள்ளிகளுக்கு 30 அம்புகள், சராசரி 100.2. கணிதத்தில் இசைச் சராசரி எனப்படும், விகிதங்களைத் தலைகீழாக்கிக் கூட்டும் முறையும் இதே விடையைத்தான் தரும். சிறப்பாக ஆடிய லெக் விரைவில் முடிந்துவிடுவதால் அதற்கு அம்புகள் குறைவு, எனவே எடையும் குறைவு. தடுமாறிய லெக் நீண்டுகொண்டே போவதால் அதற்கு எடை மிகுதி. நல்ல பொழுது சட்டென்று கழிந்துவிட, கெட்ட பொழுது உட்கார்ந்துகொண்டு கணக்கெழுதுகிறது என்று ஒருவர் முறையிடலாம். முறையீட்டில் பொருளுண்டு என்றாலும் அது நிற்காது. லெக்கை அலகாகக் கொண்டவருக்கும் உண்மையில் வேண்டியது, ஒரு லெக்கை முடிக்க இவருக்குச் சராசரியாக எத்தனை அம்புகள் தேவைப்படுகின்றன என்பதே. அதற்கு விடை 15, அந்தப் 15-ஐ மூன்றம்புச் சராசரியாக மாற்றினால் மீண்டும் 100.2-தான் வருகிறது. வென்ற லெக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அம்பின் நீதியும் லெக்கின் நீதியும் ஒன்றாகிவிடுகின்றன. இடர்ப்பாடு தோற்ற லெக்குகளில் இருக்கிறது, அதுவே இப்பொருளின் மிக ஆழமான பகுதியும் ஆகும்.

இரண்டு வீரர்கள் ஒரு லெக்கை ஆடுகிறார்கள். இருவரும் முதல் நான்கு முறைகளில் அச்சடித்தாற்போல் ஒரேமாதிரி எறிகிறார்கள்: 140, 140, 100, 81. இருவருக்கும் 12 அம்புகளில் 461 புள்ளிகள், மீதி 40, அதாவது இருபதாம் எண்ணின் டபுள். முதலில் தொடங்கியவர் ஐந்தாம் முறைக்கு வருகிறார். முதல் அம்பு வளையத்துக்கு வெளியே போகிறது, இரண்டாவதும் போகிறது, மூன்றாவது தைக்கிறது. லெக் அவருக்கு. அவருடைய கணக்கு 15 அம்புகளில் 501 புள்ளிகள், சராசரி 100.2. தோற்றவருக்கு ஐந்தாம் முறை வாய்க்கவே இல்லை. அவருடைய கணக்கு 12 அம்புகளில் 461 புள்ளிகளோடு நின்றுவிடுகிறது, சராசரி 115.25. இருவரும் எறிந்தவற்றில் ஒப்பிடத்தக்க பகுதி முழுவதும் ஒன்றே. வென்றவர் அதற்கு மேலும் ஒரு கடினமான வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அந்தக் கூடுதல் வேலைக்குக் கிடைத்த கூலி, சராசரியில் 15 புள்ளிச் சரிவு. இரண்டாவது அம்பிலேயே தைத்திருந்தாலும் அவர் 107-ஐச் சற்றே தாண்டியிருப்பார், அவ்வளவுதான். முதல் அம்பிலேயே முடித்திருந்தால் மட்டும் மயிரிழையில் எதிராளியை முந்தியிருப்பார். முன்னணி வீரர்களே டபுளை நோக்கி எறியும் அம்புகளில் பாதிக்கு மேல் தவறவிடுவது வழக்கம் என்பதால், இது எங்கோ ஒருமுறை நிகழும் விந்தையன்று, ஆட்டத்தின் இயல்பிலேயே அமைந்த சாய்வு. டபுளை எதிர்கொள்ளும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவருடைய சராசரி குறைகிறது. எதிராளி விரைந்து முடித்துவிட்டதால் அந்தப் பொறுப்பிலிருந்து தப்பியவரின் சராசரி காப்பாற்றப்படுகிறது.

தோற்றவர்களின் உயர்ந்த சராசரிகளைப் பற்றிய பேச்சில் இதனால் எச்சரிக்கை தேவைப்படுகிறது. லண்டனின் அலெக்சாண்டிரா பேலஸில் 2017 உலகச் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் வான் கெர்வன் 114.05 என்னும் சராசரியோடு வென்றபோது, எதிரே ஆடிய ரேமண்ட் வான் பார்னவெல்ட் 109.34 எடுத்தும் இரண்டு செட்டுகளுக்கு மேல் பெற முடியவில்லை. அந்த எண் அவருடைய பெருமைக்குரியதே, ஐயமில்லை. ஆயினும் அதை வென்ற ஆட்டமொன்றின் 109-உடன் நேருக்குநேர் வைத்து ஒப்பிடுவது, தேர்வின் கடைசிக் கேள்வியை எழுதாமல் எழுந்தவரின் மதிப்பெண் விழுக்காட்டை முழுத்தாளும் எழுதியவருடையதோடு ஒப்பிடுவதற்கு நிகர். அதே போட்டியின் 2023 இறுதியாட்டத்தின் லெக் ஒன்றில் இது உச்சத்தைத் தொட்டது. வான் கெர்வன் குறையற்ற எட்டு அம்புகளை எறிந்து, ஒன்பதாவதைப் பன்னிரண்டாம் எண்ணின் டபுளில் தவறவிட்டார். உடனே முன்வந்த எதிராளி மைக்கேல் ஸ்மித் தம் ஒன்பதாவது அம்பால் குறையற்ற லெக்கை முடித்தார். அந்த லெக்கில் வான் கெர்வனின் சராசரி 159-க்குக் குறையாதது. உலகில் மிகப் பெரும்பாலான லெக்குகளை வெல்லப் போதுமானதற்கும் மிகுதியான ஆட்டம், தோல்வி என்று பதிவானது.

மெய்யியலாளர்கள் தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976-இல் ஒரு கருத்தரங்கில் முன்வைத்த ‘அறநிலைத் தற்செயல்’ என்னும் சிக்கல் இதைத்தான் குறிக்கிறது. ஒருவரை அவர் கட்டுப்பாட்டில் இருந்தவற்றுக்காக மட்டுமே மதிப்பிட வேண்டும் என்று நம் நியாய உணர்வு சொல்கிறது. ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், மதிப்பிடுவதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்து, ஒன்றை மற்றொன்றில் கரைக்காமல் விட்டதைத் தமிழ் வாசகர் இங்கு நினைவுகூரலாம். டார்ட்ஸ் வீரரின் கையில் இல்லாதவை மூன்று: எதிராளி எவ்வளவு விரைவில் முடிப்பார் என்பது, யார் முதலில் எறிவார் என்பது, அட்டவணை யாரை யாரோடு மோதவிடும் என்பது. இம்மூன்றும் அம்பைத் தொடுவதே இல்லை. ஆயினும் எந்த அம்புகள் எறியப்படும், எவை எறியப்படாமலே போகும் என்பதைத் தீர்மானிப்பவை இவைதாம். எறியப்பட்ட அம்புகளை எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும், எறியப்படாத அம்புகள் ஒரு பக்கமாகவே குவிந்து கிடக்கும்போது அந்த எண்ணிக்கை நேர்மையானதாக இராது. அறவியலில் நல்லொழுக்கம் உடையவர் என்று பாராட்டப்படுபவர்களுள் எத்தனைபேர் சோதனைக்கே உள்ளாகாதவர்கள் என்னும் பழைய கேள்வியும் இதே வடிவம் கொண்டதுதான்.

விவேகத்தையும் இந்த எண் தண்டிக்கிறது. மீதி 50, கையில் இருப்பது முறையின் கடைசி அம்பு, எதிராளியோ அடுத்த முறையில் முடிக்கக்கூடிய தொலைவில் இல்லை என்னும் நிலையில், தேர்ந்த வீரர் பெரும்பாலும் புல்லை நாடாமல் ஒற்றைப் பதினெட்டை எறிந்து 32-ஐ மீதி வைப்பார். பதினாறாம் எண்ணின் டபுள் தவறி உட்புறம் விழுந்தாலும் மீதி மீண்டும் இரட்டைப்படையாகவே, 16 என்று நிற்கும் என்பதே அதன் காரணம். வெற்றிக்கு அது சரியான முடிவு, சராசரிக்கு அது இழப்பு. ஓர் அளவையை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவையாக இருப்பதை நிறுத்திவிடும் என்று பொருளியலறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி நினைவுக்கு வரலாம். டார்ட்ஸ் அந்த விதியிலிருந்து இதுவரை பெரிதும் தப்பியிருப்பதற்குக் காரணம், பரிசு வெற்றிக்குத்தான் தரப்படுகிறதேயன்றிச் சராசரிக்கு அன்று என்னும் எளிய உண்மையே.

நாக்-அவுட் முறையில், அதாவது தோற்றவர் அக்கணமே வெளியேறும் முறையில், இதனினும் விசித்திரமான விளைவொன்று உண்டு. முதற்சுற்றில் 108 எடுத்துத் தோற்றவரின் போட்டிச் சராசரி என்றென்றும் 108. அதே சுற்றில் 110 எடுத்து வென்று, அடுத்த ஐந்து ஆட்டங்களில் 98, 101, 96 என்று ஏறியிறங்கிக் கோப்பையைத் தூக்கியவரின் சராசரி 100-ஐ ஒட்டி நிற்கும். அவர் வென்ற ஒவ்வோர் ஆட்டமும் அவருடைய சராசரியைக் கீழே இழுத்தது. எண்ணைக் காப்பாற்றுவதே நோக்கமாயின், முதல் ஆட்டத்தோடு தோற்றுப்போயிருக்க வேண்டும். மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில் மக்கள்தொகையின் நலனைப் பற்றி எழுப்பிய சிக்கலுக்கு இது ஏறக்குறைய நகல். வாழத்தகுந்த, ஆனால் சராசரிக்குச் சற்றே குறைந்த வாழ்க்கை ஒன்று உலகில் கூடினால் சராசரி நலம் குறைகிறது. அதனால் உலகம் கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். எவருக்கும் ஒரு தீங்கும் நேராத இடத்தில் கேடு நேர்ந்ததாக அறிவிக்கும் அளவுகோலை எப்படி நம்புவது என்பது அவர் கேள்வி. மொத்த நலத்தைக் கணக்கிடுவோம் என்று மறுபுறம் சென்றாலும் வேறொரு பள்ளம் காத்திருக்கிறது: எண்ணற்ற மங்கலான வாழ்க்கைகளின் கூட்டுத்தொகை சில ஒளிமிக்க வாழ்க்கைகளை விஞ்சிவிடும். டார்ட்ஸிலும் மொத்தப் புள்ளிகளால் தரவரிசை வகுத்தால், மந்தமாக ஆடி ஒவ்வோர் ஆட்டத்தையும் கடைசி லெக்வரை இழுத்தவர் முதலிடம் பெறுவார்.

சமயங்கள் கற்பனை செய்த இறுதிக் கணக்குகளில் இதுபற்றி ஓர் உள்ளுணர்வு தென்படுகிறது. பண்டை எகிப்தியர் இறந்தவரின் இதயத்தை மாஅத்தின் இறகோடு நிறுத்தார்கள். இஸ்லாம் மறுமை நாளின் மீஸான் என்னும் தராசைப் பேசுகிறது. சித்திரகுப்தன் ஏடு எழுதுகிறான். நிறுப்பதும் எழுதுவதும் உண்டு, வாழ்ந்த ஆண்டுகளால் வகுப்பது மட்டும் இல்லை. நீண்டகாலம் வாழ்ந்தவருக்கு அறம் செய்ய வாய்ப்பு மிகுதி என்று யாரும் அவர் புண்ணியத்தைக் கழித்துக்கொள்வதில்லை. அந்தத் தராசுகள் முற்றறிவுடைய ஒருவர் கையில் இருப்பதாகக் கொள்ளப்படுகின்றன, ஆகவே அங்கே மாதிரியின் அளவு பற்றிய கவலை எழுவதில்லை. மனிதர் நடத்தும் போட்டிகளில் எழுகிறது.

2025 உலகச் சாம்பியன்ஷிப்பில் தம் முதல் ஆட்டத்தை ஆடிய பதினேழு வயது லூக் லிட்லர், ரயன் மெய்க்கிளுக்கு எதிரான நான்காவது செட்டின் மூன்று லெக்குகளை 11, 10, 11 என்று 32 அம்புகளில் முடித்தார். 1,503 புள்ளிகள், 32 அம்புகள், அந்தச் செட்டின் சராசரி 140.91. ஆட்டம் முழுமைக்குமான அவருடைய சராசரியோ 100.85. லிட்லர் 140 ஆடக்கூடியவரா, 100 ஆடக்கூடியவரா என்று கேட்டால் இரண்டும் இல்லை என்பதே விடை. 140 என்பது 32 அம்புகளில் நிகழ்ந்தது. நிகழ்ந்தது என்னும் அளவில் அது முழு உண்மை, எவராலும் குறைக்க முடியாதது. இவர் இத்தகையவர் என்னும் கூற்றாக அதை எடுத்தால் மட்டுமே பொய்யாகிறது. செயலின் பதிவு ஒன்று, செய்பவரின் இயல்பைப் பற்றிய மதிப்பீடு வேறொன்று. ஒரே எண் இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடையாக நடமாடுவதால்தான் நியாயமான சராசரி பற்றிய வாதங்கள் முடிவின்றிச் சுற்றுகின்றன.

இயல்பைக் கணிப்பதற்குப் புள்ளியியல் ஒரு கூர்மையான கருவியை வைத்திருக்கிறது. சார்ல்ஸ் ஸ்டைன் 1956-இல் காட்டிய வியப்பூட்டும் முடிவின்படி, மூன்றோ அதற்கு மேற்பட்டோ அளவுகளை ஒருங்கே கணிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் அவரவர் சராசரியைத் தருவதைவிட, அனைவரையும் ஒரு பொதுப் புள்ளியை நோக்கிச் சற்று இழுத்துச் சுருக்கித் தருவது மொத்தத்தில் பிழை குறைந்தது. பிராட்லி எஃப்ரானும் கார்ல் மாரிஸும் 1970-ஆம் ஆண்டின் பேஸ்பால் வீரர்கள் 18 பேரின் முதல் 45 வாய்ப்புகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். சுருக்கிய மதிப்பீடுகள் எஞ்சிய பருவத்தின் உண்மை முடிவுகளுக்கு வெகுவாக நெருங்கி வந்தன. அப்பட்டியலின் உச்சியில் .400 என்னும் அடிப்புச் சராசரியோடு நின்ற ராபர்ட்டோ கிளெமென்டேயைச் சுருக்கல்முறை .300-க்குக் கீழே இறக்கியது. எஞ்சிய பருவத்தில் அவர் அடித்ததோ .346. பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து நன்மை விளைந்த அதே கணக்கில், உண்மையிலேயே மற்றவரினும் சிறந்த ஒருவருக்கு அநீதி இழைக்கப்பட்டது. கூட்டத்தின் இயல்பைக் கொண்டு தனியொருவரை மதிப்பிடுவதில் உள்ள இந்த ஆதாயமும் இந்தக் குற்றமும் பிரிக்க முடியாதவை. அடுத்த ஆட்டத்தில் யார் மேல் பந்தயம் கட்டுவது என்று ஆராய்பவருக்குச் சுருக்கல் சரியான வழி. யாருக்குப் பரிசு உரியது என்று தீர்ப்பவருக்கு அது கூடவே கூடாத வழி. ஒருவர் எறிந்த அம்புகளுக்குப் பிறர் எறிந்த அம்புகள் பொறுப்பேற்க முடியாது.

நடு என்பதையே ஐயத்தோடு பார்த்தவர்களுள் அரிஸ்டாட்டில் முதன்மையானவர். அறத்தின் நடுநிலையை விளக்கும் இடத்தில் அவர் எடுத்துக்கொள்வது ஓர் உடற்பயிற்சிக் கூடத்தை. பத்து மினா அளவு உணவு மிகை, இரண்டு குறை என்பதால் பயிற்சியாளர் அனைவருக்கும் ஆறு என்று விதித்துவிடமாட்டார். புகழ்பெற்ற மல்லன் மிலோவுக்கு அது போதாது, புதிதாகச் சேர்ந்தவருக்கு அதுவே மிகுதி. பொருளின் நடு எண்ணால் கிடைக்கும், மனிதரின் நடு மனிதரைப் பார்த்தே கிடைக்கும் என்பது அவர் காட்டிய வேறுபாடு. டார்ட்ஸின் சராசரி முன்னதைச் சேர்ந்தது. அதைப் பின்னதாக்க எத்தனை திருத்தங்கள் செய்தாலும், எதிராளியின் வலிமைக்கு ஒரு கழிவு, டபுளுக்கு ஒரு கூட்டல் என்று அடுக்கிக்கொண்டே போனாலும், ஒவ்வொரு திருத்தத்தின் அளவையும் யாரோ ஒருவரின் தீர்மானம்தான் நிர்ணயிக்கும். இறுதியில் வரும் எண், எண்ணின் உடையில் வந்த கருத்தாகவே இருக்கும்.

ஆகவே திருத்துவதைவிடப் பிரித்துவைப்பது மேல். புள்ளி சேர்க்கும் திறனுக்கு முதல் ஒன்பது அம்புகளின் சராசரி தனியாகக் கணக்கிடப்படுகிறது. வென்றவரும் தோற்றவரும் அந்த ஒன்பது அம்புகளை அநேகமாக எப்போதும் எறிந்தே இருப்பார்கள் என்பதால், எதிராளி பாதியில் முடித்துவிடும் சாய்வு அங்கே நுழைவது அரிது. முடிக்கும் திறனுக்கு, டபுளை நோக்கி எறிந்தவற்றுள் தைத்தவை எத்தனை என்னும் விழுக்காடு இருக்கிறது. இவ்விரண்டோடு, அம்புக்கு அம்பு சமமாகக் கூட்டிய மொத்தச் சராசரியை, எத்தனை அம்புகளிலிருந்து பெறப்பட்டது என்னும் குறிப்போடு அருகில் வைத்தால் போதும். ஒன்றாகக் குழைத்துத் தரும்படி கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது அளவன்று, தரவரிசை.

தரவரிசை தவிர்க்க முடியாத இடமும் உண்டு. பிரீமியர் லீக் வட்டச்சுற்றாக நடந்த ஆண்டுகளில், புள்ளிகளிலும் லெக் வேறுபாட்டிலும் எதிராளி முதலில் எறிந்த லெக்குகளை வென்ற எண்ணிக்கையிலும் இருவர் சமமாக நின்றால், போட்டிச் சராசரியே முடிவு சொல்லும் என்று விதி இருந்தது. ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் மோதும் அமைப்பில் எதிராளிகள் ஏறக்குறையப் பொதுவானவர்கள் என்பதால், சராசரியைப் பயன்படுத்த இதைவிட நியாயமான இடம் கிடைப்பது கடினம். அப்படியிருந்தும், தோற்ற லெக்குகளில் எதிராளிகளால் விரைந்து முடிக்கப்பட்டவருக்கு அந்த விதி சற்றே சாதகமானது. இழுபறியில் டபுளைத் தேடித் தேடி எறிந்தவருக்குப் பாதகமானது. உலகச் சாம்பியன்ஷிப் இதற்கு வேறு வழி வகுத்துக்கொண்டது. முடிவுசெய்யும் செட்டில் இரண்டு லெக் முன்னிலை வேண்டும் என்பதும், ஐந்துக்கு ஐந்து என்று சமமானால் இன்னும் ஒரே ஒரு லெக் ஆடி முடிவு காண வேண்டும் என்பதும் அங்கே நிலவிய நடைமுறை. அந்த லெக்கிலும் முதலில் எறிபவருக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும் அனுகூலம், இரண்டாம் தசம இடத்தில் ஒளிந்திருப்பதன்று.